கணினி எங்கே காத்திருக்கிறது?

போடிநாயக்கனூரில் ஏலக்காய் ஏலம் 2007இல் மின்னணு முறைக்கு மாறியது. நறுமணப் பொருள் வாரியத்தின் கூடத்தில் வியாபாரிகள் ஆளுக்கொரு திரை முன் உட்கார்ந்து, மாதிரிக் காயை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, விலையை விசையில் அழுத்துகிறார்கள். ஒரு லாட்டு கைமாற அதிக நேரம் ஆவதில்லை. நேரம் போவது அதற்குப் பிறகுதான். எடுத்த லாட்டுகளை டேலி கணக்கு மென்பொருளில் ஏற்ற வேண்டும், சரக்கு லாரி ஏறுமுன் இ-வே பில் போட வேண்டும், மாதா மாதம் ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். இடையில் வங்கிப் பக்கம், வாட்ஸப், மின்னஞ்சல், எக்ஸெல். தேனி மாவட்டத்தில் அரிசி ஆலையோ வக்கீல் அலுவலகமோ இ-சேவை மையமோ எதற்குள் நுழைந்தாலும் கணினி செய்கிற வேலை ஏறத்தாழ இதே அளவுதான்.

என் பெரியப்பா மகன் போடியில் ஏலக்காய்க் கணக்கு எழுதுகிறவர். ஒரு நாள் போனில் கேட்டார்: "தம்பி, புதுசா ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணிரலாம்னு இருக்கேன். ஐ7 போட்டா வேகமா இருக்கும்ல?"

"ஐ7 எதுக்குண்ணே?"

"இப்ப இருக்குறது சும்மா சுத்திக்கிட்டே கெடக்குடா. டேலியத் தொறந்துட்டு டீ குடிச்சிட்டு வந்துரலாம்."

நேரில் போய்ப் பார்த்தேன். டேலி திறந்துகொண்டிருக்கும்போதே டாஸ்க் மேனேஜரையும் திறந்தேன். பிராசசர் பயன்பாடு 7 சதவீதம். டிஸ்க் பயன்பாடு 100 சதவீதம். அண்ணன் காத்திருந்த நேரமெல்லாம் பிராசசரும் அவரோடு சேர்ந்து காத்துக்கொண்டுதான் இருந்தது. அதன் இடத்தில் எவ்வளவு விலை உயர்ந்த பிராசசரை வைத்திருந்தாலும் அதுவும் அங்கே உட்கார்ந்து காத்திருக்கும், கொஞ்சம் கூடுதல் செலவில்.

அலுவலக வேலைக்கான கணினியில் எந்தப் பாகத்துக்கு எவ்வளவு பணம் போடலாம் என்ற கேள்விக்கு நான் வைத்திருக்கும் விடை இந்த ஒரு காட்சியிலிருந்து வந்ததுதான். பாகங்களின் பெயரையும் எண்ணையும் பார்க்குமுன், இயந்திரம் எதற்காகக் காத்திருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

காத்திருப்பின் அளவு நம் கற்பனைக்கு எட்டாததாக இருப்பதால் கொஞ்சம் பெரிதாக்கிப் பார்ப்போம். இன்றைய பிராசசர் நொடிக்கு 400 கோடி முறை துடிக்கிறது. ஒரு நானோ நொடி என்பது நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு. அந்த ஒரு நானோ நொடியை ஒரு முழு நொடியாக நீட்டிவிடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். பிராசசருக்குள்ளேயே இருக்கும் சின்ன நினைவகமான கேஷிலிருந்து ஓர் எண்ணை எடுக்க ஒரு நொடி ஆகும். மேசை இழுப்பறையைத் திறந்து சிட்டை எடுப்பது போல. அது ரேமில் இருந்தால் ஒன்றரை நிமிடம். எழுந்துபோய் அலமாரியில் தேடி எடுத்துவரலாம். எஸ்எஸ்டியில் இருந்தால் ஒரு நாளும் இன்னும் நாலு மணி நேரமும்.

ஹார்ட் டிஸ்கில் இருந்தால்? அதன் தட்டு நிமிடத்துக்கு 7,200 சுற்று, அதாவது நொடிக்கு 120 சுற்று சுழல்கிறது. ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி நொடி. நமக்கு வேண்டிய இடம் படிக்கும் முனையின் கீழ் வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று காக்க வேண்டும். அதற்கு முன் முனையைத் தாங்கும் கை சரியான வட்டத்துக்கு நகர வேண்டும், அதற்கு இன்னும் எட்டு மில்லி நொடி. மொத்தம் 12 மில்லி நொடி. நம்முடைய நீட்டிய கணக்கில் அது 139 நாள்.

கம்பம் பள்ளத்தாக்கில் முதல் போகத்துக்குப் பெரியாற்றுத் தண்ணீரை வழக்கமாக ஜூன் தொடக்கத்தில் திறக்கிறார்கள். 14,707 ஏக்கருக்கு 120 நாள் தண்ணீர். லோயர் கேம்பிலிருந்து வாய்க்கால் வழியே வந்த தண்ணீரில் நாற்று நட்டு, கதிர் முற்றி, அறுத்து, களத்தில் காயப்போட்டு முடிக்கிற காலம் முழுக்கப் பிராசசர் ஒரே ஒரு துண்டுத் தகவலுக்காக வாசலைப் பார்த்தபடி நிற்கிறது. டேலி திறக்கும்போது இப்படி ஆயிரக்கணக்கான துண்டுகள் வேண்டும், டிஸ்கில் அங்கொன்றும் இங்கொன்றுமாக. அண்ணன் டீ குடித்த நேரம் அதுதான்.

எஸ்எஸ்டியில் சுழல்வதற்குத் தட்டும் இல்லை, நகர்வதற்குக் கையும் இல்லை. சிலிக்கான் சில்லில் கோடிக்கணக்கான சின்னஞ்சிறு பொறிகள். ஒவ்வொன்றிலும் எலெக்ட்ரான்களைச் சிறைபிடித்து வைத்து, எவ்வளவு பிடித்திருக்கிறது என்பதைக் கொண்டு 0, 1 என்று படிக்கிறார்கள். ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் புஜியோ மசுவோகா 1980களில் உருவாக்கிய ஃப்ளாஷ் நினைவகம் இது. எந்தப் பொறியையும் மின்சமிக்ஞை நேரடியாக எட்டும் என்பதால் அரைச் சுற்றுக் காத்திருப்பு ஒழிந்தது. பழைய கணினிக்கு ஒரேயொரு செலவு செய்ய முடியும் என்றால் அது எஸ்எஸ்டியாகத்தான் இருக்க வேண்டும். இதில் எனக்குக் கொஞ்சமும் தயக்கம் இல்லை.

கடையில் அடுத்த கேள்வி வரும்: சாட்டா வகை எஸ்எஸ்டியா, என்விஎம்இ வகையா? அட்டைப் பெட்டியில் ஒன்றுக்கு 550 என்றும் மற்றதற்கு 3,500 என்றும் போட்டிருக்கும், நொடிக்கு எத்தனை மெகாபைட் என்ற கணக்கு. ஆறு மடங்கு வேகம் என்றுதான் யாருக்கும் தோன்றும். பெரியாறு அணையை நினைத்துப் பாருங்கள். 1895இல் பென்னிகுயிக் கட்டி முடித்த அணையின் தண்ணீர் தேக்கடிப் பக்கம் மலையைக் குடைந்த சுரங்கம் வழியே இந்தப் பக்கம் இறங்கி, முல்லையாறாக ஓடி வைகை அணைக்கு வருகிறது. மதகை எவ்வளவு திறந்தால் எவ்வளவு தண்ணீர் என்பது ஒரு கணக்கு. திறந்த தண்ணீரின் முதல் அலை வைகை அணையைத் தொட எவ்வளவு நேரம் என்பது வேறு கணக்கு. மதகை இரண்டு மடங்கு திறந்தால் ஓடும் தண்ணீர் இரண்டு மடங்காகும். வந்துசேரும் நேரம் பாதியாகிவிடாது.

பெட்டியில் போட்டிருக்கும் 3,500 மதகின் அகலம். நாலு ஜிபி சினிமாவை ஒரேயடியாக நகலெடுக்கும்போது அது பயன்படும். அலுவலக வேலையில் இயந்திரம் கேட்பது நாலு கிலோபைட் துண்டு, பிறகு வேறொரு மூலையிலிருந்து இன்னொரு நாலு கிலோபைட். ஒன்று வந்த பிறகுதான் அடுத்தது எது என்றே தெரியும். இந்த மாதிரி வேலையில் ஹார்ட் டிஸ்க் நொடிக்கு நூறு துண்டைத் தாண்டுவது கஷ்டம். அதாவது அரை மெகாபைட்கூட இல்லை. சாட்டா எஸ்எஸ்டி முப்பது, நாற்பது மெகாபைட் தரும். என்விஎம்இ ஐம்பது, அறுபது. ஹார்ட் டிஸ்கிலிருந்து எதற்கு மாறினாலும் வானத்துக்கும் பூமிக்கும் உள்ள வித்தியாசம். அந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு தெருவின் இரண்டு முனை. புதிதாகச் சேர்க்கும் கணினியில் விலை ஒன்றாக இருப்பதாலும் வயர் மிச்சம் என்பதாலும் என்விஎம்இ போட்டுவிடலாம். அதிலேயே விலை உயர்ந்த ரகத்தைத் தேட வேண்டியதில்லை.

எழுத எழுத எஸ்எஸ்டி தேய்ந்துவிடும் என்று சிலர் பயப்படுகிறார்கள். தேய்வது உண்மைதான். ஆனால் 500 ஜிபி எஸ்எஸ்டிக்கு 300 டெராபைட் எழுதும்வரை உத்தரவாதம் தருவது வழக்கம். அலுவலகக் கணினி நாளுக்கு 20 ஜிபி எழுதினாலும் வருடத்துக்கு 7.3 டெராபைட். நாற்பது வருடக் கணக்கு வருகிறது.

அடுத்தது ரேம். ஒரு தமிழ் எழுத்துக்குறி யூனிகோடின் யூடிஎஃப்-8 முறையில் சேமிக்கப்படும்போது மூன்று பைட். 'கு' என்பது ககரம் ஒரு குறி, உகரம் ஒரு குறி, ஆக ஆறு பைட். நானூறு பக்கத் தமிழ் நாவலின் எழுத்துகள் எல்லாம் சேர்ந்தாலும் சில மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும். கணக்குப் புத்தகமும் அப்படித்தான். கனமாக இருப்பது நாம் எழுதுவது இல்லை. வங்கிப் பக்கம், ஜிஎஸ்டி தளம், வாட்ஸப் வெப் என்று உலாவியில் திறந்து வைத்திருக்கும் ஒவ்வொரு தாவலும் நூறு, இருநூறு மெகாபைட் பிடித்துக்கொள்கிறது. நாவல் முழுதையும்விட ஒரு தாவல் பல மடங்கு பெரிது. ரேம் நிரம்பியதும் விண்டோஸ் உபயோகத்தில் இல்லாததை எஸ்எஸ்டிக்குத் தள்ளிவிட்டு, வேண்டும்போது திரும்ப அழைக்கிறது. ஒன்றரை நிமிட வேலை ஒரு நாள் வேலையாகும் இடம் அது. 8 ஜிபியில் இன்று வேலை ஓடும், ஆனால் இந்தத் தள்ளுமுள்ளு தினமும் நடக்கும். 16 ஜிபி போட்டால் அது நின்றுவிடும். 32 ஜிபியில் பாதிக்கு மேல் இந்த வேலைக்குச் சும்மா கிடக்கும். குறைந்த விலை மதர்போர்டில் ரேமுக்கு இரண்டே இடம்தான் என்பதால், 16ஐ ஒரே பட்டையாகப் போட்டு ஓர் இடத்தைப் பிற்காலத்துக்கு விட்டுவைக்க அண்ணனிடம் சொன்னேன்.

ரேமைப் பற்றிப் பேசும்போது போடி மேற்கு மலையைக் கடந்துபோக மனம் வரவில்லை. மலையடிவாரத்தில் பொட்டிப்புரம் கிராமத்துக்குப் பக்கத்தில்தான் இந்திய நியூட்ரினோ ஆய்வகத்துக்கு இடம் தேர்ந்தெடுத்தார்கள். மலைக்குள் சுரங்கம் வெட்டி, 50,000 டன் இரும்பாலான உணர்கருவியை வைப்பது திட்டம். எதிர்ப்பும் வழக்குகளுமாக அது நின்றுபோனது. எதற்காக ஒரு கிலோமீட்டர் கனத்துக்குப் பாறை வேண்டும் என்று கேட்டார்கள்? விண்வெளியிலிருந்து ஓயாமல் பொழியும் காஸ்மிக் கதிர்களைத் தடுக்கத்தான். காற்று மண்டலத்தில் மோதி அவை உண்டாக்கும் மியூவான் துகள்கள் உங்கள் உள்ளங்கை வழியே நொடிக்கு ஒன்றிரண்டு வீதம் இப்போதும் போய்க்கொண்டிருக்கின்றன. கூடவே வரும் நியூட்ரான்களில் ஏதோ ஒன்று, எப்போதோ ஒரு முறை, ரேம் சில்லின் அணுக்கரு ஒன்றை இடித்து, அங்கிருந்த 0வை 1 ஆக்கிவிடும். 1970களின் கடைசியில் இன்டெல், ஐபிஎம் ஆராய்ச்சியாளர்கள் இத்தகைய பிழைகளின் மூலத்தைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். முதலில் பிடிபட்டது சில்லை மூடியிருந்த பீங்கான் உறையில் இருந்த நுண்ணிய கதிரியக்கம். காஸ்மிக் கதிரின் பங்கு அடுத்துத் தெரிந்தது. உயரம் ஏற ஏற இந்தப் பொழிவு கூடும். குமுளிக் கடைக் கணினிக்குக் கம்பத்துக் கணினியைவிடக் கொஞ்சம் அதிகம். பெரிய சர்வர்களில் இதைக் கண்டுபிடித்துத் திருத்தும் தனி வகை ரேம் போடுகிறார்கள். டிடிஆர்5 ரேமில் ஒவ்வொரு சில்லும் தனக்குள் ஏற்படும் ஒற்றைப் பிழையைத் தானே சரிசெய்துகொள்கிறது. அலுவலக மேசைக்கு அதுவே போதும்.

இப்போது பிராசசர். பழைய நினைப்பு ஒன்று நம்மிடம் ஒட்டிக்கொண்டிருக்கிறது: விலை கூடினால் வேகம் கூடும். ஒரு காலத்தில் அது உண்மை. 1974இல் ஐபிஎம்மின் ராபர்ட் டென்னார்ட் ஒரு விதியைக் காட்டினார். டிரான்சிஸ்டரைச் சிறிதாக்கும் அதே அளவில் அதன் மின்னழுத்தத்தையும் குறைத்தால், சூடு கூடாமலே வேகத்தைக் கூட்டலாம். முப்பது வருடம் இந்த விதி தொழிலை ஓட்டியது. 2000த்தின் இறுதியில் 1.5 கிகாஹெர்ட்ஸில் வந்த பெண்டியம் 4, 2004இல் 3.8ஐத் தொட்டது. அங்கே வண்டி நின்றது. டிரான்சிஸ்டர் அவ்வளவு சிறிதானதும், அணைத்து வைத்தபோதும் மின்சாரம் கசியத் தொடங்கியது. மின்னழுத்தத்தை மேலும் குறைக்க முடியவில்லை. வேகம் கூட்டினால் சூடுதான் கூடியது. அதற்குப் பிறகு ஒரு துடிப்பில் அதிக வேலை செய்ய வைத்தார்கள், ஒரு சில்லில் பல கோர்களை வைத்தார்கள்.

விளைவைப் பாருங்கள். இன்டெல்லின் ஐ3-12100 உச்ச வேகம் 4.3 கிகாஹெர்ட்ஸ், நாலு கோர். அதே தலைமுறையின் உயர் ரகமான ஐ9-12900கே 5.2 கிகாஹெர்ட்ஸ், பதினாறு கோர். விலை பல மடங்கு. ஒற்றைக் கோரின் துடிப்பில் வித்தியாசம் 21 சதவீதம்தான். மின்சாரம் மட்டும் உச்சத்தில் 89 வாட்டுக்குப் பதில் 241 வாட்.

பதினாறு கோர் உதவாதா என்றால், கம்பத்துப் பன்னீர் திராட்சைத் தோட்டத்துக்குப் போக வேண்டும். குலை வெட்ட எத்தனை பேரை வேண்டுமானாலும் இறக்கலாம். தராசு ஒன்றே ஒன்று. மொத்த வேலையில் பாதி நேரம் எடைபோடுவதில் போகிறது என்றால், நூறு பேர் வெட்டினாலும் வேலை இரண்டு மடங்கு வேகத்தைத் தாண்டாது. 1967இல் ஜீன் அம்டால் சொன்னது இதைத்தான். கணக்கு மென்பொருளும் இணையப் பக்கமும் பெரும்பாலும் ஒரே தராசு வேலை, முந்தின கட்டம் முடிந்தால்தான் பிந்தினது. வீடியோ தொகுப்பவருக்கும் கட்டட வரைபடத்தை முப்பரிமாணத்தில் வரைபவருக்கும் பல தராசு உண்டு, அவர்கள் கோருக்குச் செலவழிக்கலாம். அண்ணனுக்கு ஐ3 போதும். ஏஎம்டி பக்கம் ரைசன் 5 5600ஜி போன்றதும் இதே வேலையை நன்றாகச் செய்யும்.

எழுத்தைக் கவனிக்க வேண்டும். 12100க்குப் பின்னால் 'எஃப்' இருந்தால் அதற்குள் திரைக்குப் படம் அனுப்பும் கிராஃபிக்ஸ் பகுதி வேலை செய்யாது. 5600ஜியில் 'ஜி' இல்லாமல் வெறும் 5600 என்றிருந்தால் அதில் கிராஃபிக்ஸே கிடையாது. விலை குறைவு என்று அதை வாங்கினால் தனியாக கிராஃபிக்ஸ் கார்டு வாங்க வேண்டிவரும். கறுத்த திரையைப் பார்த்துக்கொண்டு மதர்போர்டு போய்விட்டது என்று எண்ணி மாற்றியவர்களும் உண்டு.

துடைத்துப் புதுப்பித்த பழைய அலுவலகக் கணினிகள் மலிவாகக் கிடைக்கின்றன. 2013, 2014 காலத்து நாலாம் தலைமுறை ஐ5 அவற்றில் அதிகம். எஸ்எஸ்டி போட்டால் சுறுசுறுப்பாக ஓடும். ஆனால் விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நின்றுவிட்டது. விண்டோஸ் 11க்கு இன்டெல்லில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வசதியும் வேண்டும். வங்கியும் வரியும் பார்க்கிற கணினியைப் பாதுகாப்புத் திருத்தங்கள் வராத மென்பொருளில் ஓட்டுவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். உலாவியிலேயே எல்லா வேலையும் முடிகிறவர்கள் அதே பழைய இயந்திரத்தில் லினக்ஸ் போட்டுப் பல வருடம் ஓட்டலாம். சென்னை சிடாக் மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் தமிழோடேயே வருகிறது.

இதுவரை சொன்னதெல்லாம் எந்த ஊருக்கும் பொது. இந்த மாவட்டத்துக்கென்று உள்ள விஷயம் மின்சாரம். கோடை மழைக் காலத்திலும் ஐப்பசியிலும் மலையோரம் இடி இறங்குகிறது. ஆனியிலிருந்து புரட்டாசி வரை கம்பம் கணவாய் வழியே வீசுகிற காற்றை நம்பித்தான் காற்றாலைகளே நிற்கின்றன. அந்தக் காற்றில் கிளை முறிந்து கம்பியில் விழுந்தால் விளக்கு ஒரு சிமிட்டு சிமிட்டும். கணினிக்கு அந்தச் சிமிட்டல் போதும்.

சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மாறுமின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட் நேர்மின்சாரமாக மாற்றுவது எஸ்எம்பிஎஸ். கேபினெட்டின் ஒரு மூலையில் தகரப் பெட்டியாக இருக்கும். கணினி வாங்குகிறவர்கள் கடைசியாகக் கேட்பது இதைத்தான், பலர் கேட்பதே இல்லை. 'கேபினெட்டோடு வரும்' என்பார்கள். அதற்குள் ஒரு பெரிய கெபாசிட்டர் இருக்கிறது, மின்சாரத்துக்கு ஒரு சின்னக் கண்மாய் போல. 230 வோல்ட்டின் உச்சம் 325 வோல்ட். அந்த அழுத்தத்தில் 220 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் 11.6 ஜூல் ஆற்றலைத் தேக்கும். அழுத்தம் 220 வோல்ட் வரை இறங்கும்வரை எஸ்எம்பிஎஸ் தாக்குப்பிடிக்கும் என்று வைத்தால், பயன்படுவது 6.3 ஜூல். 300 வாட் இழுக்கும் இயந்திரத்தை அது 21 மில்லி நொடி தாங்கும். 70 வாட் இழுக்கும் அலுவலகக் கணினியை 90 மில்லி நொடி. கரண்ட் போனதும் யூபிஎஸ் பேட்டரிக்கு மாறப் பெரும்பாலும் 10 மில்லி நொடிக்குள் ஆகும். கண்மாயில் தண்ணீர் இருக்கும்போதே அடுத்த வாய்க்கால் வந்து சேர்ந்துவிடுகிறது, நமக்கு எதுவும் தெரிவதில்லை.

விலையைக் குறைக்க நினைப்பவர் முதலில் கை வைப்பது இந்தக் கெபாசிட்டரில்தான். மூடியைத் திறக்காமல் தெரியாது. பெட்டியின் மேல் 500 வாட் என்று ஒட்டியிருக்கும், தூக்கிப் பார்த்தால் காகிதம் போல இருக்கும். அந்தக் கண்மாய் யூபிஎஸ் மாறுமுன்பே வற்றினால் ஒவ்வொரு சிமிட்டலுக்கும் கணினி அணைந்து எழும். எழுதிக்கொண்டிருந்த கோப்பு பாதியில் அறுபடும். ஐ7 வாங்க வைத்திருந்த பணத்தில் ஒரு பங்கை எடுத்து, பெயர் தெரிந்த நிறுவனத்தின் 80 பிளஸ் சான்று பெற்ற 400 அல்லது 450 வாட் எஸ்எம்பிஎஸ் வாங்குங்கள். 750 வாட் வேண்டாம். இந்தக் கணினி சும்மா இருக்கையில் 25, 30 வாட்தான் இழுக்கும், அவ்வளவு பெரியது அவ்வளவு சின்னச் சுமையில் மின்சாரத்தை வீணாக்கும்.

கெபாசிட்டருக்குச் சூடு ஆகாது. உள்ளிருக்கும் திரவம் மெல்ல ஆவியாகிப் போகிறது. ஏறத்தாழ ஒவ்வொரு பத்து டிகிரி சூடு குறையும்போதும் ஆயுள் இரண்டு மடங்காகும். சித்திரையில் ஓட்டுக் கூரைக் கடையில் கேபினெட்டைச் சுவரோடு ஒட்டி, மேலே சிட்டைக் கட்டுகளை அடுக்கி வைத்தால் அதன் ஆயுளை நாமே குறைக்கிறோம். ஆடிக் காற்று முடிந்ததும் ஒரு தடவை கேபினெட்டைத் திறந்து, உலர்ந்த பிரஷ்ஷால் செம்மண் தூசியைத் தட்டிவிட வேண்டும்.

யூபிஎஸ் கட்டாயம். 600 விஏ யூபிஎஸ்ஸில் இருப்பது 12 வோல்ட், 7 ஆம்பியர் மணி பேட்டரி, அதாவது 84 வாட் மணி. வேகமாக உறிஞ்சும்போது ஈய அமில பேட்டரி முழுதையும் தராது. கணினியும் திரையும் சேர்ந்து 60 வாட் இழுத்தால் புதுப் பேட்டரியில் அரைமணி நேரம்வரை எதிர்பார்க்கலாம். வீட்டு இன்வர்ட்டரிலேயே ஓட்டுபவர்கள் அதில் யூபிஎஸ் நிலைக்கு மாற்றும் சுவிட்ச் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சாதாரண நிலையில் மின்விசிறிக்கும் விளக்கிற்கும் போதுமான நிதானத்தில்தான் அது மாறும்.

இன்னொன்று, கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று அடிக்கிற அனுபவம். இது பல வீடுகளில் இருக்கிறது, பழகியும்விட்டார்கள். எஸ்எம்பிஎஸ்ஸின் வாசலில் இரைச்சலை வடிகட்ட இரண்டு சின்னக் கெபாசிட்டர்களை வைத்திருப்பார்கள். ஒன்று ஃபேஸிலிருந்து பெட்டிக்கு, இன்னொன்று நியூட்ரலிலிருந்து பெட்டிக்கு. பெட்டி எர்த்தோடு இணைந்திருந்தால் அந்தத் துளி மின்சாரம் மண்ணுக்குள் போய்விடும். எர்த் இல்லையென்றால் பெட்டி இரண்டுக்கும் நடுவில், 115 வோல்ட்டில் தொங்கும். பாயக்கூடிய மின்சாரம் மில்லி ஆம்பியருக்குள்தான் என்பதால் சுருக்கென்பதோடு போகிறது. ஆனால் அது எர்த் இல்லை என்று சொல்கிறது. அதே வீட்டில் எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் நிஜமாகவே ஃபேஸ் பெட்டியில் பட்டால் காப்பாற்ற எதுவும் இருக்காது. மூன்று முனை பிளக்கின் தடித்த முனையை உடைத்துவிட்டு இரண்டு துளை சாக்கெட்டில் சொருகும் பழக்கத்தை எங்கே பார்த்தாலும் நிறுத்தச் சொல்லுங்கள். இடி இடிக்கும்போது பிளக்கைப் பிடுங்குகிறவர்கள் இணைய வயரை மறந்துவிடுகிறார்கள். அதன் வழியாகவும் மதர்போர்டு போகும்.

மதர்போர்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 60 வாட் பிராசசருக்கு எச்610 வகைச் சாதாரண போர்டு தாராளம். ரேம் டிடிஆர்4ஆ, 5ஆ என்று பார்த்து வாங்க வேண்டும், வெட்டு இடம் வேறு என்பதால் ஒன்று மற்றதில் நுழையாது.

திரையில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். நாள் முழுக்கக் கண் பார்ப்பது அதைத்தான். 1920க்கு 1080 புள்ளி என்ற ஒரே அளவு 22 அங்குலத்திலும் வருகிறது, 27 அங்குலத்திலும் வருகிறது. 24 அங்குலத்தில் ஒரு புள்ளி 0.28 மில்லிமீட்டர், 27இல் 0.31. ஆங்கில எழுத்துக்கு இது பெரிய விஷயமில்லை. 'ணை', 'ஞ்ஞ', 'னி' போன்றவற்றின் சுழிகளும் மேலே நிற்கும் புள்ளியும் நெருக்கமாக வருவதால், திரையின் புள்ளி பெரிதானால் சுழி மூன்றா இரண்டா என்று கண் தடுமாறும். தமிழில் நிறைய வேலை செய்பவருக்கு 22 அல்லது 24 அங்குல ஐபிஎஸ் திரை பொருத்தம். பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் நிறம் மங்காது, எதிரே உட்கார்ந்த வியாபாரிக்குத் திருப்பிக் காட்டலாம்.

அண்ணனுக்கு வேண்டியவற்றில் தேனியில் கிடைத்ததைத் தேனியில் வாங்கினோம். மற்றதைச் சென்னை ரிச்சி தெருவிலிருந்து நான் எடுத்துவந்தேன். அங்கிருந்து சென்ட்ரல் கூப்பிடு தூரம். 2010இன் கடைசியில் நிறுத்திய மதுரை–போடி ரயில் பாதை அகலப் பாதையாகி 2023 ஜூனில் போடிக்குத் திரும்பியதிலிருந்து, வாரம் மூன்று நாள் சென்ட்ரலில் ஏறினால் போடியிலேயே இறங்கலாம். ஏலக்காய்க்காக 1928இல் வந்த பாதையில் ஒரு மதர்போர்டை மடியில் வைத்துக்கொண்டு வந்தது எனக்குப் பிடித்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சேர்த்து முடித்தோம். எர்த் சரிபார்த்துவிட்டு இயக்கினோம். அண்ணன் டேலியை அழுத்திவிட்டுப் பழக்கத்தில் எழுந்தார், திரும்பிப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். பிறகு ஒரு கணக்கைப் பாதி தட்டிக்கொண்டிருக்கும்போதே மெயின் சுவிட்சை நிறுத்தச் சொன்னேன். மின்விசிறி ஓய்ந்தது, யூபிஎஸ் கத்தியது, திரையில் எண்கள் அப்படியே நின்றன.

பழைய ஹார்ட் டிஸ்கைத் தூக்கிப் போட விடவில்லை. எஸ்எஸ்டி போகும்போது பெரும்பாலும் முன்னறிவிப்பு இல்லாமல் ஒரேயடியாகப் போகும். இடியோ பணம் கேட்கும் வைரஸோ வந்தால் உள்ளே இணைந்திருப்பதெல்லாம் போகும். அதனால் அந்த டிஸ்கை யூஎஸ்பி உறை ஒன்றில் போட்டுக் கொடுத்தேன். சனிக்கிழமை சாயங்காலம் கடை சாத்துமுன் அண்ணன் அதைச் சொருகி, வாரக் கணக்கை நகலெடுத்து, பிடுங்கி, பீரோவில் வைத்துப் பூட்டுகிறார்.